சந்தாபுராவில் கடல்

என் கணவர் தினமும் காலையில் கடலைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். பார்ப்பது செல்போனில். குடிப்பது பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில், மூன்றாவது மாடி வாடகை வீட்டில். இங்கிருந்து எட்டிப் பார்த்தால் கண்ணில் படுகிற ஒரே நீர்நிலை, தெருமுனையில் நிற்கிற தண்ணீர் லாரி. ஆனால் நகரத்துக்குள் தொம்மலூரில் இருக்கிற எங்கள் சிநேகிதர்கள் எல்லோரும், நாங்கள் நொச்சித்துறை என்கிற ஊரில், கடலுக்குப் பக்கத்தில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு வாழ்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பவைத்தவர் இவர். பெயர் நாராயணன், ஊருக்கெல்லாம் நாணு சார். கர்நாடக அரசின் நீர்ப்பாசன இலாகாவில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அணை கட்டினவர் இல்லையா, பொய்யையும் ஒரு சொட்டுக் கசியாமல் கட்டியிருந்தார்.

தொம்மலூர் பார்க்கில் காலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. அதில் தினமும் ஒரு படம் போடுவார். கீழே ஒரு வரி. ‘இன்றைய கடல்: சாந்தம். மனமும் அவ்வாறே.’ போடுவதற்கு முன்னால் நொச்சித்துறையில் வானிலை என்ன என்று பார்த்துக்கொள்வார். அங்கே மேகம் என்றால் மேகப் படம், வெயில் என்றால் வெயில் படம். ஒரு தடவை அந்தப் பக்கம் புயல் என்று செய்தி வந்தது. கைவசம் புயல் படம் இல்லை. மனிதர் தவித்துப்போய்விட்டார். ‘லேசாக ஜுரம், இன்று கடற்கரைக்குப் போகவில்லை’ என்று எழுதிச் சமாளித்தார். சங்கமே கஷாயம் சொல்லிக் கொடுத்தது.

அந்தப் படங்கள் அத்தனையும் நான் எடுத்தவை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபம் வந்தால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

கடலோரம் போய் உட்கார வேண்டும் என்பது என்னுடைய ஆசை இல்லை. அவருடையது. தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பப், இன்னொரு பக்கம் மோமோ கடை, எதிரே ஆபீஸ் கட்டடம். ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம், “இரு, இரு, ரிட்டையர் ஆனதும் கடற்கரைல போய் ஆராமா இருக்கப்போறேன்” என்பார். ஏதோ ஹாரன் அடித்தவன் பயந்துவிடுவான் என்பதுபோல. எங்கேயோ தேடி நொச்சித்துறையில் ஒரு சின்ன வீட்டை வாங்கினார். என்னிடம் வாங்கின பிறகு சொன்னார். எங்கள் வீட்டில் முடிவுகள் கேட்கப்படுவதில்லை, அறிவிக்கப்படும். தொம்மலூர் வீட்டை ஒரு சாப்ட்வேர் குடும்பத்துக்கு லீஸுக்கு விட்டார். நான் அழுதேன். சாமான் கட்டும்போது அழுதேன், காலண்டரைக் கழற்றும்போது அழுதேன், லாரி கிளம்பும்போது தெருவே பார்க்க அழுதேன்.

போவதற்கு முன்னால் சங்கத்தில் ஒரு வழியனுப்பு விழா வைத்தார்கள். இந்த ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சால்வை போர்த்தினார்கள், சந்தன மாலை போட்டார்கள், பழத்தட்டு கொடுத்தார்கள். கடைசியில் தலையில் மைசூர்ப் பேட்டா வைத்தார்கள். ஜரிகை போட்ட தலைப்பாகை; மகாராஜாவுக்கு வைப்பதுபோல வைப்பார்கள். வைத்தவர் சங்கத் தலைவர் பெருமாள்சாமி. விமானத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர், வாய் நீளம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நாணு சார் பெங்களூரை விட்டுட்டு ஒரு மாசம் தாங்கமாட்டார். திரும்பி வந்தா இந்தப் பேட்டாவை நானே கழட்டி எடுத்துக்குவேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. எனக்குத் தெரியும் அந்தக் காது.

சரி, நொச்சித்துறைக்குப் போனோம். பாட்டுப் பாடிக்கொண்டு போனவர் அவர், மூக்கைச் சிந்திக்கொண்டு போனவள் நான். அங்கே போனதும் எல்லாம் தலைகீழாக மாறியது.

அது ஒரு சின்ன ஊர். கிழக்குக் கடற்கரையில், பாண்டிச்சேரிக்கும் தெற்கே. ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு மாதா கோயில், கட்டுமரங்கள். சனி ஞாயிறில் கார்களில் ஆட்கள் வருவார்கள், சுண்டல் தின்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் கடற்கரை கழுவிவிட்ட சமையலறை மாதிரி இருக்கும். எங்களைப் போல ஓய்வுபெற்று வந்தவர்கள் நிறையப் பேர். சாயங்காலம் கல்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துத் தலையசைப்பார். அவ்வளவுதான். பிள்ளை எந்த கம்பெனி, மருமகள் சமைப்பாளா, உனக்கு சுகர் எவ்வளவு, ஒரு கேள்வி கிடையாது. எனக்கு முதலில் இது மரியாதைக் குறைவாகப் பட்டது. இரண்டாவது வாரம் இதுதான் மரியாதை என்று தோன்றியது.

அடுத்த வீட்டில் குளோரியா. வேலூர்ப் பக்கம் நர்ஸாக இருந்தவள், தனி ஆள். ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்கு அழைத்துப்போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினேன். ஓர் அலை வந்து என்னை அப்படியே உட்காரவைத்தது. மூக்கில், வாயில், தலைமயிரில் எல்லாம் மண். எழுந்திருக்கப் பார்த்தால் இன்னோர் அலை. நானும் குளோரியாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வயதில் பொது இடத்தில் அப்படி வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது என்று யாராவது சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் எங்களைக் கவனிக்கவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கே எனக்கென்று வந்ததில்லை. தினமும் விடியற்காலையில் போய் நின்று கடலைப் படம் எடுத்தேன். ஒரே கடல்தான், ஆனாலும் எடுத்தேன்.

இன்னொரு சௌகரியமும் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டால், “ஏன்னா, அலை சத்தத்துல கேக்கலை” என்று சொல்லிவிடலாம்.

இவர் நிலைமை வேறு. போன மறுநாளே டீக்கடைக்குப் போய், தான் எந்த எந்த அணையில் வேலை பார்த்தார் என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, “சர்க்கரை போடலாங்களா?” என்றாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் வேர்க்கிறது என்றார். கன்னடப் பேப்பர் வருவதில்லை என்றார். கதவுக் கீல் துருப்பிடிக்கிறது என்றார். எல்லாம் சாக்கு. சண்டை போட ஆள் இல்லை, அதுதான் வியாதி. ஒரு நாள் அவரே வாய்விட்டுச் சொன்னார்.

“இங்க ஒருத்தரும் ஒரு பேஜாரும் பண்ண மாட்டேங்கறா, ரமா. அதான் பெரிய பேஜாரா இருக்கு.”

ஒரு மாதம் ஆகவில்லை. பெருமாள்சாமி சொன்னது பலித்துவிட்டது. “உனக்கு இந்த ஊர் ஒத்துக்கலை, போயிடலாம்” என்று அறிவித்தார். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்! வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அறிவிப்பு வந்துவிட்டால் நான் பெட்டியைக் கட்டுவதுதான் பழக்கம். வீட்டைப் பூட்டிச் சாவியைக் குளோரியாவிடம் கொடுத்தோம்.

தொம்மலூருக்குப் போகமுடியாது. வீட்டில் லீஸுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். பார்க்கில் பேட்டாவைக் கழட்டப் பெருமாள்சாமி இருக்கிறார். அதனால் ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டே இருந்து, சங்கத்து ஆள் யாரும் எட்டிப்பார்க்காத சந்தாபுராவில் இறங்கினோம். லீஸ் முடியும் வரை இங்கே ஒளிந்திருப்பது. அதுவரை கடல் வாட்ஸ்அப்பில் நடக்கும். இதுதான் திட்டம்.

சும்மா இருந்தாரா? சில நாள் முகத்தில் மாஸ்க், தலையில் குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொம்மலூர் வழியாகப் போய்ப் பார்க்கை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வருவார். “பெருமாள்சாமி இளைச்சுட்டான்” என்பார். குரலில் அப்படி ஒரு பாசம்.

போன் வந்தால்தான் ரகளை. பின்னால் சந்தாபுரா கேட்கும். ஈருள்ளி, டொமாட்டோ என்று வெங்காயம் தக்காளி விற்கிறவன் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துக் கத்திக்கொண்டு போவான். முதலில் என் போனில் அலைச் சத்தம் ஒன்றைத் தேடி ஓடவிட்டோம். நடுக்கடலில் திடீரென்று ஒரு பெண் குரல் வந்து வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டது. பிறகுதான் நான் முறத்தைக் கண்டுபிடித்தேன். முறத்தில் சோனா மசூரி அரிசியைப் போட்டு, போனுக்குப் பக்கத்தில் மெதுவாக அப்படியும் இப்படியும் சாய்த்தால் அச்சு அசல் அலை. கொண்டைக்கடலை போட்டால் பெரிய அலை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் பேசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலாக இருப்பேன்.

இதற்கெல்லாம் நான் உடந்தையாக இருந்தேன். காரணம் இருந்தது. பொய் நடக்கிற வரைக்கும் அந்த வீடு எங்களுடையதாக இருக்கும் என்று ஒரு கணக்கு. குளோரியா அவ்வப்போது போன் பண்ணி, “உங்க வீட்டு வாசல்ல பாதாம் மரம் துளிர் விட்டிருக்கு” என்பாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே இங்கே தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போடுவேன்.

ஒரு நாள் காலையில் அறிவிப்பு வந்தது.

“நொச்சித்துறை வீட்டுக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கு, ரமா. ஹோம்ஸ்டே ஆக்கப்போறானாம். அடுத்த மாசம் ரெஜிஸ்ட்ரேஷன். விட்டது தொல்லை.”

“சங்கத்துல என்ன சொல்லுவேள்?”

“கடல் அரிப்பு. கவர்ன்மென்ட்டே காலி பண்ணச் சொல்லிட்டான்னு சொல்லிடுவேன். கவுரவமா திரும்பிடலாம். எப்படி?”

“நன்னா இருக்கு” என்றேன். நாக்குதான் அதைச் சொல்லிற்று. அந்த வீட்டில் எவனோ வந்து தங்கி, என் கல்சுவரில் உட்கார்ந்து பீர் குடிப்பான் என்று நினைத்தபோது கையிலிருந்த கரண்டியை வீசலாம் போல இருந்தது. கெஞ்சுவது எனக்கு வராது. அழுது காரியம் சாதிக்கிற வயதும் போய்விட்டது. அழுதபோதும் ஒன்றும் சாதிக்கவில்லை. வேறு வழி பார்க்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அவர் குளிக்கப் போனால் சுலோகம் எல்லாம் முடித்து வர நேரமாகும். போனைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். அதை எடுத்தேன். அவருடைய நடை எனக்கு மனப்பாடம். சங்கத்துக் குழுவில் எழுதினேன்.

‘அன்பர்களே! கடல் அழைக்கிறது. அதோடு சேர்ந்து அடியேனும் அழைக்கிறேன். அனைவரும் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கி, அலையில் கால் நனைத்துச் செல்ல வேண்டும். என் வீடு உங்கள் வீடு. தட்டக்கூடாது. நாணு.’

அனுப்பிவிட்டு போனை இருந்த இடத்தில் வைத்தேன். தோசை வார்க்கப் போனேன். மாவு அன்றைக்கு நன்றாகப் பொங்கியிருந்தது.

அவர் இடுப்பில் துண்டோடு வெளியே வரும்போது போன் விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ரமா! இதை யார் போட்டா?”

எட்டிப் பார்த்தேன். “உங்க பேர்தான் இருக்கு.”

“நான் போடலையே!”

“நீங்கதான் போட்டிருப்பேள். பிபி மாத்திரையை மாத்தினதுலேருந்து உங்களுக்கு ஞாபகமே சரியா இல்லை. நேத்திக்குக் கண்ணாடியை ஃபிரிட்ஜுல வெச்சேளே.”

கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தது உண்மை. அதனால் இதையும் பாதி நம்பினார். அழிக்கப் பார்த்தார். அதற்குள் சங்கத்தில் திருவிழா தொடங்கியிருந்தது. என் சிநேகிதி நிருபமா வரிசையாக வெயில் தொப்பிப் படங்களைப் போட்டு எது எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாள். பெருமாள்சாமி வேன் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தார். கிளம்புவது வருகிற சனிக்கிழமை.

சிறிது நேரத்தில் பெருமாள்சாமியே போன் பண்ணினார். இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு முறத்தோடு வந்து உட்கார்ந்தேன். ஸ்பீக்கரைப் போட்டார்.

“நாணு சார்! என்னா மனசு சார் உங்களுக்கு! எல்லாரும் வர்றோம்!”

“அது சரி பெருமாள்சாமி... ஆனா ஒண்ணு சொல்லணும். இங்க ஒண்ணுமே கிடையாது. ஒரு மால் இல்லை, தியேட்டர் இல்லை.”

“அதானே சார் வேணும்! மால் பாக்கறதுக்கா வேன் எடுத்துகினு வர்றோம்?”

“ஏழு மணி ஆனா ஊரே அடங்கிடும்.”

“ஐயோ சார், இங்க பப்புக்காரன் விடியவிடியத் தூங்க விடமாட்டேங்கறான். நான் அங்க வந்து ரெண்டு நாளும் தூங்கத்தான் போறேன்.”

“வேர்த்துக் கொட்டும்.”

“டாக்டர் அதான் சார் சொல்றாரு. நல்லா வேர்க்கணுமாம்.”

“ஆட்டோ கெடைக்காது. எங்க போனாலும் நடக்கணும்.”

“நடக்கறதுக்குத்தானே சங்கமே வெச்சிருக்கோம்?”

“மீன் நாத்தம் தாங்காது ஓய்!”

“வறுத்தா போயிடும் சார்.”

இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “நெட்வொர்க்கே வராது. ஒரு போன் பேச முடியாது.”

“இப்ப பேசிட்டுத்தானே இருக்கோம்? தெனமும் படம் வேற வருதே?”

“அது... காலம்பற மட்டும் வரும்.”

நான் சோனா மசூரியைத் தள்ளிவிட்டுக் கொண்டைக்கடலையை எடுத்தேன். முறத்தில் கொட்டி, போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு சுழற்று சுழற்றினேன். அந்தப் பக்கம் பெருமாள்சாமி பேச்சை நிறுத்தினார்.

“சார்... அலை சத்தமா அது? என்னா சத்தம் சார்! நீங்க குடுத்து வெச்சவரு. இங்க நான் ஹாரனைக் கேட்டுகினு ஒக்காந்திருக்கேன்.” அந்த வாய் நீளமான மனிதரின் குரல் தழுதழுத்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் இன்னொரு சுழற்று சுழற்றினேன்.

போனை வைத்ததும் இவர் என் கையிலிருந்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு என் வேலைதான் என்று கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை.

இனி என் கணக்கு சுலபம். வேன் சனிக்கிழமை கிளம்புகிறது. நாங்கள் அதற்கு முன்னால் நொச்சித்துறைக்குப் போய்ச் சேரவேண்டும். வீட்டைத் திறந்து, பெருக்கி, காலகாலமாக அங்கேயே இருப்பதுபோல உட்கார வேண்டும். இவ்வளவு பேர் வந்து தங்கிவிட்டுப் போன வீட்டை அடுத்த மாதமே விற்றால் சங்கம் கேள்வி கேட்கும். மானத்துக்குப் பயந்த மனிதர் விற்கமாட்டார். வேறு வழியே இல்லை அவருக்கு. எனக்குள் நானே கைகுலுக்கிக்கொண்டேன்.

“பெட்டியை எடுக்கட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்” என்றார். “பெருமாள்சாமிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எந்த உண்மையை?”

“எல்லாத்தையும். பேட்டாவை வந்து எடுத்துண்டு போகட்டும். சிரிக்கட்டும். மறுபடி அந்த ஊர்ல போய் உக்காந்துக்க என்னால முடியாது, ரமா. ரெண்டு நாள்கூட வீட்டுக்காரன்னு சொல்லிண்டு அங்க நிக்க முடியாது. அங்க நான் யாருன்னே ஒருத்தருக்கும் தெரியலை. காலம்பற எழுந்தா அந்தக் கடல் இருக்கு, சாயங்காலமும் அதே கடல் இருக்கு. என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்லை.” போனைக் கையில் எடுத்துவிட்டார். “நல்லவேளை, மெட்ராஸ் பார்ட்டி இருக்கான். வித்துத் தலைமுழுகிடலாம்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கவுரவத்துக்காகச் சந்தாபுராவில் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்த மனிதர், கவுரவத்தைத் தூக்கிப் போடத் தயாராகிவிட்டார். என் தந்திரம் எல்லாம் அத்தோடு தீர்ந்துபோயிற்று. கையில் முறம் மட்டும் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

“எனக்கு அந்த வீடு வேணும்” என்றேன்.

“என்னது?”

“எனக்கு அந்த வீடு வேணும்னு சொன்னேன். விக்காதீங்கோ.”

என்னை ஏதோ வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீதானே அழுதே? அங்க போகும்போது அப்படி அழுதியே. உனக்குப் பிடிக்கலைன்னுதானே நான்...”

“தொம்மலூரை விட்டுப் போறச்சே அழுதேன். அங்க போனப்புறம் ஒரு நாள் அழுதேனா? பாத்தேளா?”

யோசித்தார். “நீ சொல்லலையே.”

“நீங்க கேக்கலையே.”

ஈருள்ளி ஆட்டோ தெருவில் போனது. ஜன்னல் சாத்தியிருந்ததால் சத்தம் மங்கலாகக் கேட்டது.

“அங்க நீங்க யாருன்னு தெரியலைன்னு வருத்தப்படறேள்” என்றேன். “நான் யாருன்னு எங்க தெரிஞ்சுது? தொம்மலூர்ல நாணு சார் ஆத்துக்காரி. உங்க ஆபீஸ் குவார்ட்டர்ஸ்ல இன்ஜினியர் ஆத்து மாமி. நொச்சித்துறைல குளோரியா என்னை ரமான்னு கூப்பிட்டா. எனக்கு அது பிடிச்சிருந்தது. அலைல விழுந்து எழுந்தேன், அதுவும் பிடிச்சிருந்தது. யாருக்கும் தெரியாம இருக்கறது எனக்கு அவ்வளவு நன்னா இருந்தது. நீங்க பெரிய மனுஷர், உங்களுக்கு அது கஷ்டம். எனக்குப் பழக்கம்.”

சொல்லி முடித்ததும் எனக்கு வந்தது கோபமா அழுகையா தெரியவில்லை, இரண்டும்தான். “அந்த மெசேஜைப் போட்டதும் நான்தான்” என்று அதையும் சொல்லிவிட்டேன்.

அதற்கு அவர் கத்துவார் என்று நினைத்தேன். “அடியேன்னு எழுதியிருந்ததே” என்றார். “நான் எப்போ அடியேன்னு எழுதினேன்?” அவருக்கு அதுதான் குறை.

அப்புறம் பெருமாள்சாமிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரைத் தானே அழுத்தினார். நான் முறத்தைத் தொடவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். சந்தாபுரா மொத்தமும் உள்ளே வந்தது.

“பெருமாள்சாமி, நான் நொச்சித்துறைல இல்லை. சந்தாபுராவுல இருக்கேன். போன ஒரு மாசத்துக்குள்ளயே வந்துட்டேன். படமெல்லாம் பழசு.” அலுவலகத்தில் தணிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அலைச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டும் எனக்கு மரியாதை வைத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். யாரையோ கூப்பிட்டுச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். இவர் காது சிவந்து, தாங்கிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் பிரியம் வந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

“சரி சார்” என்றார் பெருமாள்சாமி மூச்சு வாங்க. “அங்க வீடு இருக்குல்ல?”

“இருக்கு.”

“கடல் இருக்குல்ல?”

“அது எங்க போறது.”

“அப்புறம் என்னா சார்? வேனுக்குச் சொல்லியாச்சு. நிருபமா மேடம் தொப்பி வாங்கிட்டாங்க. வீட்ல எல்லாரும் முறுக்கு சுட்டுகினு இருக்காங்க. நீங்க இல்லாட்டி பரவால்ல சார்.”

நாணு சார் தன்னைப் பார்க்கத்தான் சங்கம் வேன் பிடித்தது என்று பாவம் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது கடல்.

“வீட்டத் தொறந்து விட ஆள் வேணும், அவ்ளோதான்” என்றார் பெருமாள்சாமி. “மேடம் இருப்பாங்களா?”

இவர் என்னைப் பார்த்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இருப்பியா, ரமா?” என்று கேட்டார்.

கேட்டார். அறிவிக்கவில்லை.

“இருப்பேன்.”

“எத்தனை நாள்?”

“வீடு இருக்கற வரைக்கும்.”

அவர் அணை மதகைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார். “மெட்ராஸ்காரன்கிட்ட என்ன சொல்றது?”

“விக்கலைன்னு சொல்லுங்கோ. உண்மை சொல்ல இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேள், அப்படியே பழகிக்கோங்கோ.”

கையை எடுத்துவிட்டுப் போனில் சொன்னார். “மேடம் இருப்பாங்க, பெருமாள்சாமி. அவங்க வீடுதான்.” தொண்டையைச் செருமினார். “வேன்ல... எனக்கு ஒரு சீட் இருக்குமா?”

அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு. ஆனால் சீட் இருந்தது. “பார்க் கேட்டுக்கு வந்துடுங்க சார். பேட்டாவோட வந்தீங்கன்னா ஜன்னல் சீட்டு.”

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். என் புடவைகள், குளோரியா கொடுத்த நைட்டி, தைலம், இரண்டு நல்ல துண்டு. நாளைக்கே பஸ் ஏறினால்தான் வீட்டைப் பெருக்கித் துடைக்க நேரம் இருக்கும். அவர் பின்னாலேயே வந்து நின்றார். அலமாரியிலிருந்து தன் வேட்டி சட்டைகளை எடுத்து, வழக்கம்போல என் கையில் கொடுப்பதற்காக நீட்டினார்.

“என்னோடதை எதுல வைக்கப்போறே?”

நான் பெட்டியை மூடிப் பூட்டினேன்.

“உங்களுக்கு எதுக்குப் பெட்டி? விருந்தாளிதானே, ஒரு தோள்பை போதும்.”